போன் பார்ப்பதும் போதையா?

 



வெளியூரில் போய் கள்ளக்குறிச்சி என்று சொன்னால் இன்னும் 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பார்வை பறிபோனவர்களும் உண்டு. கல்வராயன் மலையில் போலீசார் ஊறலை அழிப்பதும், மறுபடி அடுப்பு எரிவதும் நமக்குப் பழகிப்போன செய்தி. போதை என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனாலோ என்னவோ, நம் பெற்றோர்கள் ஒரு ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள்: "பையன் குடிக்கிறதில்லை ஹஜ்ரத், போன்தான் பார்க்கிறான்." அல்ஹம்து லில்லாஹ், குடிக்காமல் இருப்பது பெரிய நிஃமத். ஆனால் அந்தப் "போன்தான்" என்ற சொல்லை அப்படியே கடந்துபோக முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போன் மது அல்ல. அது புத்தியை மயக்கும் பானம் அல்ல, ஒரு கருவி. நீட் தேர்வுக்காக ஆறு மணி நேரம் பாடம் கேட்கும் பிள்ளையை அடிமை என்று சொல்வது அநியாயம். மலை மேலே சிக்னல் கிடைக்காமல் தவிக்கும் மாணவர்களைக் கேளுங்கள், இன்டர்நெட் எவ்வளவு பெரிய தேவை என்று சொல்வார்கள். மணிக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

மருத்துவர்களும் இதில் நிதானமாகவே இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 11-வது பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது, கேம் ஆடும் கோளாறும் இருக்கிறது. 'இன்டர்நெட் அடிமைத்தனம்' என்று தனியாக ஒரு நோய் இல்லை. கேம் விஷயத்தில் அவர்கள் பார்ப்பது மூன்று: நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது முன்னால் வருவது, கெடுதல் வந்தபின்னும் தொடர்வது. பொதுவாக 12 மாதமாவது இப்படி நீடிக்க வேண்டும்.

இப்போது ஸூரா அல்மாயிதாவின் 91-வது வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். மதுவையும் சூதாட்டத்தையும் தடுத்ததற்கு அல்லாஹ் சொல்லும் காரணம் ஈரல் கெட்டுவிடும் என்பதல்ல. ஷைத்தான் அவற்றைக் கொண்டு உங்களுக்குள் பகையை மூட்டுகிறான், இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கிறான் என்பதே காரணம். கடைசியில் விலகிக்கொள்வீர்களா என்ற கேள்வியும் வருகிறது.

இதை வைத்து நம் வீட்டை அளந்து பார்க்கலாமே! இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ், ஃபஜ்ர் பாங்கு காதில் விழுவதில்லை. அம்மா மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. போனை வாங்கி வைத்தால் பெற்றவளிடமே கை ஓங்குகிறான். சாராயப் பாக்கெட்டாவது குடித்தால் தீர்ந்துவிடும்; ரீல்ஸ் தீர்வதே இல்லை, கேட்காமலே அடுத்தது வந்து நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் சொல்லவில்லை. குத்பாவின்போது கூழாங்கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பதே வீண்செயல் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. இன்றைக்கு அந்தக் கல் எது என்று ஜிப்பாப் பையைத் தொட்டுப் பாருங்கள், அத்தாமார்களே.

பணம் வைத்து ஆடும் ரம்மி போன்றவற்றில் விவாதமே கிடையாது, அது சூது, ஹராம். தமிழக அரசு 2025-இல் அவற்றுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சட்டம் அவற்றை முழுவதுமே தடுத்தது. அந்த நேரத்தைக் கவனித்தீர்களா? தஹஜ்ஜுதுக்கு உரிய நேரம் அது.

ஒரு பிள்ளை உண்மையிலேயே சிக்கிக்கொண்டான் என்றால் அடிக்காதீர்கள், ஜமாஅத்தில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். சாராயத்தில் விழுந்தவனுக்குச் சிகிச்சை தேவைப்படுவது போல இவனுக்கும் தேவைப்படலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் போவது ஈமானுக்குக் குறைவல்ல. இன்று இஷாவுக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும், முதலில் அத்தாவின் போன்.

யா அல்லாஹ்! எங்கள் வாலிபர்களின் இரவுகளை அவர்களுக்கே திருப்பித் தருவாயாக. ஆமீன்.