பூட்டிய கடைவீடும் ஊர்க்கடனும்

2025 ஆகஸ்டில் மலேசிய நாடாளுமன்றத்தில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா தாக்கலானபோது எழுந்த வாதமெல்லாம் விழுக்காட்டைப் பற்றியே இருந்தது. 30 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் இசைந்தால் போதுமா, கைவிடப்பட்டதற்கு 51 போதுமா என்று மோதிக்கொண்டார்கள். கைவிட்டது யார், அது தகுமா என்று கேட்டவர் குறைவு. தகாது. ஊர் நடுவே இடம் வைத்திருப்பவர் அதைப் பாழாக விடுவது, சட்டம் தண்டிக்காவிட்டாலும் அறப்பிழையே.

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், நல்லவன் செல்வத்தை ஊருக்குள் பழுத்த பயன்மரத்துக்கு ஒப்பிட்டார். நன்றியில்செல்வத்தில், யாருக்கும் உதவாதவன் செல்வத்தை நடுவூரில் பழுத்த நச்சுமரம் என்றார். மிஞ்சிய செல்வத்தின் பயன் ஈதலே என்பது புறநானூற்றில் நக்கீரர் வாக்கு. மணிமேகலை சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள்.

2001 மார்ச்சில் கோலாலம்பூரை ஒட்டிய கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். பிழைப்புத் தேடி நகருக்கு வந்த ஏழைகள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் உட்பட, புறம்போக்கு நிலத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அதே மார்ச்சில், கோலாலம்பூரின் புடுராயா பேருந்து நிலையத்தை ஒட்டி, 1997 நிதி நெருக்கடியில் நின்றுபோன பிளாசா ராக்யாட் கட்டடம் கம்பி துருத்தியபடி வெறும் எலும்புக்கூடாக நின்றது. ஒன்று மற்றதற்குக் காரணமில்லை. ஆனாலும் ஒரே பெருநகர வட்டாரம் இரண்டையும் பொறுத்துக்கொண்டிருந்தது.

பூட்டிய கட்டடம் சொந்த விவகாரம் என்பார்கள். அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு உடைமையைக் காக்கிறது. வாரிசுத் தகராறில் முடங்கிய கடைவீடுகளும் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் ஒழுகும் கூரையடியில் தேங்கிய நீரில் பிறக்கும் ஏடிஸ் கொசு பக்கத்துக் கடைக்காரரையும் கடிக்கிறது. ஆலங்கன்று வேர்விட்டுப் பிளப்பது இரு கடைக்கும் பொதுவான சுவரை.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 162ஆம் பிரிவு, காலிக் கட்டடத்துக்கு மதிப்பீட்டு வரியைத் திருப்பித் தர இடமளிக்கிறது. அதற்குக் கட்டடம் குடியேறத்தக்க நிலையில் இருக்க வேண்டும். உரிமையாளர் ஆள் தேடியிருக்க வேண்டும். கேட்ட வாடகையும் நியாயமாக இருக்க வேண்டும். அறம் கேட்பதும் இம்மூன்றைத்தான்.

ஆகவே, உரிமையாளர்களே, பயன்படுத்துங்கள். முடியாவிட்டால் நியாயமான வாடகைக்கு விடுங்கள். அதுவும் முடியாவிட்டால் விற்றுவிடுங்கள். விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பவரிடம் நகராண்மைக் கழகம் கூடுதல் வரி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஊருக்குப் பட்ட கடனைத்தான் அவர் கட்டுகிறார்.