கட்டிலடியில் குடியிருப்பவள்

பூனை தத்தெடுக்கப் போகிறவர்கள், கதவைத் திறந்ததும் ஓடிவந்து காலை உரசுகிற குட்டியைத்தான் தூக்கிக்கொள்கிறார்கள். நியாயம்தான். பின் மூலையில் காதைத் தட்டையாக மடக்கி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பது அங்கேயே வளர்ந்து பெரிதாகிவிடும். வளர்ந்த பூனையை அப்புறம் யாரும் கேட்பதில்லை. எங்கள் செல்லி அப்படியொரு மூலைக்காரி. "தந்தால் அண்ணன் மணியோடு சேர்த்துத்தான் தருவேன்" என்றார் மீட்டு வளர்த்தவர். துணிச்சலான பூனையைப் பார்த்துப் பயந்த பூனையும் பழகிவிடும் என்பது அவர் கணக்கு.

பெங்களூரில் எங்கள் ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டுக் குக்கர் விசில் நாலு வீட்டுக்குக் கேட்கும். மணியைத் தெருவே சீக்கிரம் தெரிந்துகொண்டது. செல்லி விஷயத்தில் எதிர்வீட்டு அக்காவுக்குச் சந்தேகம். "பூனை ரெண்டுன்னு சொன்னீங்க, ஒண்ணுதானே கண்ணுல படுது? நெசமாவே இருக்குதா?"

இருந்தது. கட்டிலடியில், பழைய சூட்கேசுக்கும் சுவருக்கும் நடுவில். காலையில் தட்டு காலியாக இருக்கும். மண் தட்டில் தோண்டி மூடிய தடம் இருக்கும். அத்தாட்சி அவ்வளவுதான். "நம்ம அல்சூர் ஏரிக்கரையில சிலையா நிக்கிற வள்ளுவரே 1991-லிருந்து 18 வருஷம் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டுலதானே முகம் காட்டினாரு. இவளுக்கு என்னக்கா அவசரம்?" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

பயந்த பூனை என்றாலே யாரோ அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அடி வாங்கியே இருக்க வேண்டியதில்லை. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டி மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்று அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் ஆராய்ந்து காட்டினார். அந்த வாரங்களில் நம் வாசனையே படாமல் தெருவில் வளர்ந்த குட்டிக்கு நாம் வெறும் பெரிய மிருகம். தகப்பன் பங்கும் உண்டு. குட்டிகளைக் கண்ணால்கூடப் பார்த்திராத தகப்பனின் துணிச்சல் குட்டிகளிடம் தெரிவதை சாண்ட்ரா மெக்கூன் 1995-இல் எழுதினார். செல்லியின் தகப்பன் எந்தச் சந்தில் பதுங்கித் திரிந்தவனோ.

இப்படிப்பட்ட பூனையை வீட்டில் நிலைக்கவைக்க நாம் செய்யவேண்டியது கொஞ்சம், செய்யாமல் இருக்கவேண்டியது நிறைய. முதலில் ஒரே ஓர் அறை போதும். வீடு முழுவதையும் திறந்துவிட்டால் மிரளும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று கட்டாயம். நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுக்கு ஒளிய பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன (2014). கையை விட்டு வெளியே இழுக்கக் கூடாது. சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நான் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பட்டாணி உரிப்பேன். பார்வை பட்டால் முறைக்காமல் மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பேன். பூனைகள் அதைப் புரிந்து பதிலுக்குக் கண் சுருக்குகின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் வேகவைத்த மத்தி மீன் துண்டை நீட்டியபோது கட்டிலடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கால் மட்டும் வந்தது. நகம் வெளியே நீட்டாமல், மீனை என் விரலிலிருந்து தரைக்குத் தட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

பொறுமைக்கும் எல்லை உண்டு. பூனை இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே உலை வைத்துவிடும். அப்போது அதன் கூச்சத்தையெல்லாம் பார்க்கக் கூடாது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

செல்லி இன்றுவரை மடியில் ஏறியதில்லை. "சோறு போட்டு என்ன பிரயோசனம்? தொடக்கூட விடமாட்டேங்குதே" என்கிறார்கள் வருகிற உறவினர்கள். எனக்கு எங்கள் பழைய கூட்டுக் குடும்பம் ஞாபகத்துக்கு வரும். ஒண்ட வந்த அத்தை ஒருத்தி எல்லா வீட்டிலும் இருப்பாள். அவளுக்குப் பாயும் சாப்பாடும் கொடுத்தவர்கள் பதிலுக்கு வேலையை மட்டும் எதிர்பார்க்கவில்லை. எந்நேரமும் மலர்ந்த முகத்தையும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் "என்ன குறை வச்சோம்?" என்று கேள்வி வரும். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடம் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று மட்டும் அவர்களால் நினைக்க முடியவில்லை. மணி மடியில் உட்கார்ந்து வாடகை கட்டுகிறான், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். செல்லியிடம் அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை? மடியில் வர வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கு வேண்டியது சுவரும், கூரையும், நேரத்துக்கு மீனும். கிடைத்துவிட்டது.

வருடாந்திர ரேபிஸ் ஊசிதான் இப்போது பிரச்சினை. டாக்டரை வீட்டுக்கே வரச்சொல்லலாம் என்று யோசனை சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. கட்டிலடி ஒன்றுதான் அவளுக்கு நிம்மதியான இடம். ஊசி அங்கே வரக் கூடாது. அதனால் எடுத்துப்போகும் கூடையை மூடியைக் கழற்றி, பழைய புடவை விரித்துக் கூடத்தில் போட்டுவைத்திருக்கிறேன். மணி அதில் படுத்துத் தூங்குகிறான். அவளாக அதில் ஏறிப் பழகட்டும், ஊசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.