வெளியே தள்ளிய வெக்கை

பழைய ஏசியைக் கழற்ற வந்த மெக்கானிக் தம்பி சொன்னார்: "இது சூட்டை அழிக்கிறதில்ல சார். உள்ளே இருக்கிறதை எடுத்து வெளியே தள்ளுது, அவ்வளவுதான்."

அதைக் கேட்டதும் எங்கள் ஊர்க் கோயில் நினைவுக்கு வந்தது. திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த கோலத்தில் வீற்றிருக்கிறார். சிதையின் வெப்பம் தாங்காமல் ஸ்ரீதேவியும் பூதேவியும் இடம் மாறி அமர்ந்தார்கள் என்பது தலவரலாறு. தாயார்களே விலகினார்கள் என்றால், வெக்கைக்கு ஒதுங்குவது பாவமில்லை. இரவில் மூச்சுத் திணறும் என் மனைவிக்கும் அது பொருந்தும்.

ஆனால் ஒதுக்கிய வெக்கை யார் தலையில் இறங்குகிறது? பழைய பெட்டி ஊதிய அனல், பக்கத்து வீட்டு ஆயா படுக்கும் திண்ணைக்குத்தான் போனது. அதற்குள் இருந்த ஆர்-22 வாயு ஓசோனையும் அரிக்கும். 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலகம் கைவிட்டுவரும் சரக்கு. புதிய ஏசியில் உள்ள ஆர்-32 ஓசோனைத் தொடாது. கசிந்தால் பூமியைச் சூடாக்கவே செய்யும்.

பழைய வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொன்னேன். வெளி யூனிட்டை மாடிக்கு ஏற்றினேன். செப்புக் குழாய்க்குக் கூடுதல் காசு. 24 டிகிரிக்குக் கீழே வைப்பதில்லை. இதனால் கணக்கு முழுதும் தீர்ந்துவிடாது. குளிர்ச்சியை அனுபவிப்பவன் அதன் அனலுக்கும் உடைமைக்காரன் என்று ஒப்புக்கொள்வதில்தான் தர்மம் தொடங்குகிறது.