வாசற்படியோடு நிற்கும் உரிமை

வெள்ளமோ போரோ கலவரமோ, ஊரின் ஒழுங்கு குலையும் நாளில் மனிதர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது வீட்டுக் கதவைத்தான். நேற்றுவரை ஒருக்களித்துக் கிடந்த கதவுக்கு இன்று இரண்டு தாழ்ப்பாள் போதவில்லை. மின்சாரம் இல்லை, காவல் நிலையத்தில் தொலைபேசியை எடுக்க ஆளில்லை, தெருவில் பழகாத காலடிச் சத்தம். உள்ளே கைக்குழந்தை இருக்கலாம், எழுந்து நடக்க முடியாத முதியவர் இருக்கலாம், ஒரு வாரத்துக்கான அரிசியும் இன்சுலினும் இருக்கலாம். தம்மை நம்பியிருக்கும் உயிர்களைக் காப்பது வீட்டுக்காரரின் கடமை. அதற்காகக் கதவைப் பூட்டுபவரை யாரும் குறை சொல்ல முடியாது. பூட்டிய பிறகு அவர் எதுவரை போகலாம், யாருக்கு எதிராகப் போகலாம் என்ற இடத்தில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

சட்டத்துக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு விதிகள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கின்றன. கொள்ளையடிக்க வருபவர், இரவில் வீட்டை உடைத்து நுழைபவர், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவர் ஆகியோரைத் தடுக்கும்போது, வேறு வழியின்றி மரணம் நேர்ந்தாலும் அது குற்றமாகாது. சாதாரணத் திருட்டுக்கு அந்த அளவு கிடையாது. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். காப்பதற்குத் தேவையானதற்கு மேல் ஓர் அடிகூட விழக் கூடாது. அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே எழாது.

பேரிடரில் இந்தக் கடைசி நிபந்தனை பொருளிழந்து போகிறது. நாடுவதற்குக் காவலர் இல்லை, நடந்ததைச் சொல்லச் சாட்சி இல்லை, நீதிமன்றம் என்றைக்குத் திறக்கும் என்றும் தெரியாது. எல்லைக்கோட்டை வரையும் வேலை முழுவதும் வீட்டுக்காரரின் மனச்சாட்சியிடம் வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் அது பயந்து போயிருக்கும் மனச்சாட்சி. பயந்த மனம் எவ்வளவு பிழையாகக் கணக்கிடும் என்பதை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் உலகுக்குக் காட்டியது.

2005 ஆகஸ்ட் 29 அன்று காத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில் இருக்கும் அல்ஜியர்ஸ் பாயின்ட் பகுதி மூழ்காமல் தப்பியது. அங்கே பெரும்பாலும் வெள்ளையர்கள் வசித்தார்கள். சூறையாடக் கும்பல் வரப்போகிறது என்று நம்பிய அவர்களில் சிலர், விழுந்த மரங்களைத் தெருக்களின் குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கியோடு நின்றார்கள். செப்டம்பர் 1 அன்று கறுப்பின இளைஞர்கள் மூவர் அந்த வழியாகப் படகுத்துறைக்கு நடந்தார்கள். வெள்ளத்தில் தப்பியவர்களை ஏற்றிச்செல்ல அரசு ஒதுக்கியிருந்த இடம் அந்தப் படகுத்துறை. மூவரும் சுடப்பட்டார்கள், ஒருவருக்குக் கழுத்தில் படுகாயம். அவர்கள் எந்த வீட்டின் கதவையும் தொட்டிருக்கவில்லை. உயிர் தப்பியது அவர்களுடைய நல்வினை. சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெறுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அதே நாட்களில் நகரிலிருந்து வெளியேறப் பாலத்தைக் கடந்து நடந்துவந்த மக்களை, மறுபக்கத்துச் சிற்றூரான கிரெட்னாவின் காவலர்கள் துப்பாக்கியோடு வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வீடு செய்யும் பிழையை ஓர் ஊரே சேர்ந்து செய்தது. எங்கள் எல்லை எங்களுக்கு என்ற நியாயம், தாகத்தோடும் குழந்தைகளோடும் நடந்துவந்தவர்களின் முன்னால் நியாயமாக நிற்கவில்லை.

வழிமறித்தவர்களைத் துப்பாக்கி எடுக்க வைத்தது எது? செவிவழிச் செய்திகள். பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் கொலையும் பாலியல் வன்முறையும் தலைவிரித்தாடுவதாக நகர மேயரே தொலைக்காட்சியில் பேசினார். 200 சடலங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்து, குளிர்பதன வசதி கொண்ட பெரிய லாரியோடு மருத்துவக் குழு வந்தது. கிடைத்தவை ஆறு. அவற்றில் நான்கு இயற்கை மரணம், ஒன்று போதைமருந்தால் நேர்ந்தது, ஒன்று தற்கொலை எனக் கருதப்பட்டது. நகரில் குற்றமே நடக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. நடந்ததைப் பல மடங்காக ஊதிய சொற்கள், முன்பே நெஞ்சில் இருந்த நிறவெறுப்போடு சேர்ந்துகொண்டன. யாரென்று கேட்கும் பொறுமைகூட இல்லாமல் போனது.

இது எங்கோ தொலைவில் நடப்பது என்று நினைக்க இடமில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கூட்டம் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் தங்களை ஊரின் காவலர்களாகவே எண்ணியிருப்பார்கள். பிள்ளைகளைக் காக்கும் ஆசை உண்மையானது. அதன் பெயரால் அவர்கள் செய்தது கொலை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தமிழர்கள் லேசாகத் தள்ளிவிட முடியாது. அச்சம் எப்போதும் பொய்யாக இருப்பதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. பெட்ரோல் இருந்தது, பொல்லுகள் இருந்தன. தடுக்க வேண்டிய பாதுகாப்புப் படையினர் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாசலில் நின்றவரிடம் பொறுமையாக விசாரியுங்கள் என்று சொல்வது கொடுமை. வீட்டை எரிக்க வருபவனைக் கிடைத்ததைக் கொண்டு தடுக்கும் முழு உரிமை அங்கே இருந்தது. பயன்படுத்தத்தான் வழியில்லாமல் போனது.

ஆனால் அந்த ஜூலையே இன்னொன்றையும் சொல்கிறது. தமிழர் பலர் உயிர் தப்பியது சிங்கள, முஸ்லிம் அயலவர் வீடுகளுக்குள் ஒளிந்திருந்ததால். அந்த வீடுகளும் பூட்டியே இருந்தன. கும்பல் வந்து தட்டியபோது, இங்கே யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பியவர்கள், தங்கள் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைத்தார்கள். கும்பலுக்கு மூடிய அதே கதவைத் தஞ்சம் கேட்டவருக்குத் திறந்திருந்தார்கள். யார் எது செய்ய வந்திருக்கிறார் என்பதைப் பிரித்தறிந்தார்கள். நெருக்கடிக் காலத்தில் வீட்டைக் காக்கும் அறம் முழுவதும் இந்தப் பிரித்தறிதலில் அடங்கியிருக்கிறது.

எதைக் கொண்டு பிரிப்பது? செயலைக் கொண்டு. நிறம், சாதி, மொழி, அழுக்குச் சட்டை, வடக்கத்தி முகம் ஆகியவை யாருடைய நோக்கத்தையும் சொல்வதில்லை. ஆயுதத்தோடு கதவை உடைப்பவரின் செயல் தானே பேசும். தெருவில் நடப்பது, திண்ணையில் ஒதுங்குவது, தண்ணீர் கேட்டுத் தட்டுவது எதுவும் தாக்குதல் ஆகாது. ஆகவே, தெரியாதவர் வந்தால் முதலில் குரல் கொடுத்து யாரென்று கேட்பதும், எச்சரிப்பதும், விலகிப்போக வழிவிடுவதும் கட்டாயமான படிகள். வீட்டுக்காரரின் உரிமை வாசற்படியோடு நிற்கிறது. தெருவை மறித்து, வருவோர் போவோரைச் சோதித்துத் தண்டிக்கும் அதிகாரம் எந்த வீட்டுக்கும் இல்லை.

இந்தக் காரணத்தாலேயே பொறி வைப்பது எந்த நிலையிலும் தகாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அடிக்கடி திருட்டு நடந்த ஆளில்லாத பண்ணைவீடு ஒன்றில், கதவைத் திறந்தால் வெடிக்கும்படி உரிமையாளர்கள் துப்பாக்கியைக் கட்டிவைத்தார்கள். பழைய புட்டிகளை எடுக்க நுழைந்தவரின் கால் சிதைந்தது. நுழைந்தது குற்றம் என்றாலும் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற தீர்ப்பை மாநில உச்ச நீதிமன்றம் 1971இல் உறுதி செய்தது. உரிமையாளர் நேரில் நின்றால் செய்யக் கூடாததை அவர் வைத்த பொறியும் செய்யக் கூடாது. மதில்மேல் கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சுபவருக்கும் இது பொருந்தும். மின்கம்பிக்கு யாரென்று கேட்கத் தெரியாது. வெள்ள இரவில் மதிலைப் பிடித்து ஏறுபவர் மீட்புப் பணியாளராக இருக்கலாம், பக்கத்து வீட்டுச் சிறுவனாகவும் இருக்கலாம்.

வெளியேற வழியில்லாத அடைப்பு வீட்டாரையே பலி வாங்குவதும் உண்டு. காத்ரீனா வெள்ளத்தில் நீர் ஏற ஏறப் பரண் அறைக்குள் ஏறியவர்கள், கூரையை உடைத்து வெளியேற வழியின்றி மாண்டார்கள். பரணில் ஒரு கோடரி வைத்திருங்கள் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லப்படும் அறிவுரை. உள்ளிருந்து திறக்க முடியாத இரும்புக் கம்பி வலையைச் சன்னல்தோறும் பொருத்துபவர்கள், திருடரைப் போலவே தீயும் வெள்ளமும் வரக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிஞ்சியிருப்பது கடினமான கேள்வி. பசித்தவர் தட்டுகிறார், உள்ளே இருப்பது வீட்டாருக்கே போதாது. அப்போது என்ன செய்வது? தெரியாதவரை உள்ளே படுக்கவைக்கும் கடமை எல்லோருக்கும் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணிடமோ முதியவரிடமோ அதை எதிர்பார்ப்பதும் தவறு. ஆனால் பதில் சொல்லும் கடமை எல்லோருக்கும் உண்டு. சன்னல் வழியே ஒரு செம்பு தண்ணீர் தரலாம், முகாம் இருக்கும் திசையைச் சொல்லலாம், பக்கத்து வீட்டாரைக் குரல் கொடுத்து அழைக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் பலர், தங்கள் வீட்டில் இத்தனை பேர் தங்கலாம் என்று சமூக ஊடகங்களில் முகவரியோடு அறிவித்தார்கள். ஊர் குலைந்தால் மனிதர்கள் மிருகமாவார்கள் என்ற நம்பிக்கைக்கு அந்த நாட்கள் நேர்மாறான சாட்சி.

காவலைக் கூட்டாகச் செய்வதே நல்லது. தெருவில் தனியாக இருப்பவர் யார், நோயாளி யார் என்று அறிந்து, முறைவைத்து விழித்திருந்து, விசிலும் விளக்குமாகச் சுற்றி வருவது எந்த இரும்புக் கதவையும்விடப் பாதுகாப்பானது. அந்தக் காவலில் வாடகைக்கு இருப்பவருக்கும், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இடம் இருக்க வேண்டும். அவர்களை வெளியே நிறுத்தும் காவல், அல்ஜியர்ஸ் பாயின்ட்டின் வழியில் போய் முடியும்.

இந்த முடிவுகளை இருட்டில், பயத்தின் நடுவே எடுக்க முடியாது. பகலிலேயே, அமைதி இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் பூட்டைச் சரிபாருங்கள், சன்னல் கம்பி உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். அதோடு, இதுவரை பேசியிராத எதிர்வீட்டாரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் பெயரைக் கேட்டு வாருங்கள்.