இரண்டு காசும் பெரிய கற்களும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலிபூசை நடுவே, நம் கோயிலின் தகரக் கூரைமேல் மழை இரைந்த இரைச்சலில் பிரசங்கத்தை நிறுத்திவிட்டோம். மழை ஓயும்வரை ஜெபமாலை சொன்னோம். அன்று பூசை முடிந்து வாசலில் நின்ற ஒரு பெரியவர், "சாமி, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு கோயில் நமக்கு எப்போ வரும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஒழுகாத கூரையும், பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்க ஓர் அறையும் நமக்கு வேண்டியவைதான். ஆனால் கல்லை எடுத்து வைப்பதற்குமுன் நாம் கட்டவேண்டிய வேறொன்று உண்டு. அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச வருகிறேன்.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். சேசுநாதர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். செல்வர்கள் வந்து மிகுதியாகப் போடுகிறார்கள். ஒரு கைம்பெண் வந்து இரண்டு செப்புக்காசு போட்டுவிட்டுப் போகிறாள். அவளே எல்லாரையும்விட அதிகம் போட்டவள் என்கிறார் நம் ஆண்டவர். இவ்வளவும் நமக்குத் தெரிந்த கதை. ஆனால் அர்ச். மாற்கு இதை எந்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இதற்குச் சற்று முன்னே, நீண்ட ஜெபம் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். இதற்கு அடுத்தபடியாக, சீஷர்களில் ஒருவர் தேவாலயத்தைக் காட்டி, எவ்வளவு பெரிய கற்கள் என்று வியக்கிறார். ஆண்டவரோ, கல்லின்மேல் கல் நிற்காது என்று பதில் சொல்லுகிறார். அப்படியே கி.பி. 70-ம் ஆண்டில் உரோமையரின் படை அந்தத் தேவாலயத்தை அழித்தது. கற்கள் சரிந்தன. இரண்டு காசு போட்டவளின் கதையோ இன்றுவரை நிற்கிறது.

இன்னும் ஒன்று. அவளைப் புகழ்ந்தபோது ஆண்டவர் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தவில்லை. சீஷர்களைத் தம்மிடம் அழைத்து, அவர்களுக்கு மட்டும் சொன்னார். தன்னைக் கடவுள் பார்த்தார் என்பதை அறியாமலே அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். அவளுடைய பெயரைக்கூட சுவிசேஷம் நமக்குச் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, இங்கே நான் உங்கள்முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். சென்ற ஆண்டு கட்டட நிதி தொடங்கியபோது, கொடுத்தவர்களின் பெயர்களைத் தொகையோடு இந்தப் பீடத்தின்முன் நின்று வாசித்தேன். பெரிய தொகையில் தொடங்கிச் சிறிய தொகையில் முடித்தேன். கேட்கிறவர்களுக்கு உற்சாகம் பிறக்கும் என்று எண்ணினேன். கடைசியாக வாசித்தது ஒரு கைம்பெண்ணின் பெயர். தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையைப் பெருக்கித் துடைத்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். தொகை ஐம்பது ரூபாய். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான் நான் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஆறு வாரமும் என் குற்றமே. யாரும் தம்மை அறியாத வேறொரு கோயிலுக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாராம். "மாதாவுக்குத் தெரிஞ்சாப் போதும்னு போட்டேன் சாமி. ஊருக்குத் தெரியணும்னு போடலை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கோயில் கட்டப் புறப்பட்ட நான், கோயிலின் ஒரு கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டேன் என்று அப்போது விளங்கியது. அவர் அனுமதி தந்தபடியால் இதைச் சொல்லுகிறேன். அவர் யாரென்று தேடவேண்டாம்.

குறைந்த பொருளைக்கொண்டு புதிய சபையை நடத்தியவர் ஒருவரைப் பார்ப்போம். தூரத்தில் தேடவேண்டியதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் உண்டாயிற்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 1961-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதுமுதல் பிழைப்பைத் தேடி எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறின. அவர்களில் தூத்துக்குடியிலிருந்தும், மணப்பாட்டிலிருந்தும், குமரிக் கரையிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அந்தக் கரைக்குத்தான் 1542-ம் ஆண்டில் அர்ச். சவேரியார் வந்தார்.

அங்கே சில ஆண்டுகளுக்குமுன் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கற்பனை ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளை அழைத்தார். படித்த பிள்ளைகள் வீட்டிலே தாய் தகப்பனுக்குக் கற்பித்தார்கள். தாம் போகமுடியாத நோயாளிகளிடம் அந்தப் பிள்ளைகளையே ஜெபிக்க அனுப்பினார். ஊரைவிட்டுப் போகுமுன் ஜெபங்களின் ஏட்டுப் பிரதியை அங்கே விட்டு, ஊரை நடத்த ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக நியமித்தார்.

பணத்துக்கு என்ன செய்தார்? போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து நாலாயிரம் பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினார். கேப்டன்மார் கோட்டை கட்டிய காலம் அது. அவரோ அந்தப் பணத்தை உபதேசிமாரின் பிழைப்புக்கென்று ஒதுக்கினார். கன்னியாகுமரிக் கரையின் கிறிஸ்தவப் பிள்ளைகளே அரசியை மோட்சத்துக்குக் கொண்டுபோகும் பாதரட்சை என்னும் கருத்தில் அரசிக்கு எழுதியதாகவும் சொல்லுவார்கள். 1545-ல் நமது மயிலையில், அர்ச். தோமையாரின் கல்லறையருகே சில மாதம் ஜெபத்தில் தங்கி, பிறகு மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கரையில் அவர் உழைத்த காலம் மொத்தத்தில் மூன்றாண்டுகூட இராது. 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தபோது கோயில்கள் கைவிட்டுப் போயின, விசுவாசம் போகவில்லை. ஏனென்றால் அது சுவரில் இல்லை, வீட்டில் இருந்தது.

ஆகையால், பிரியமானவர்களே, நாம் மூன்று காரியங்களைத் தீர்மானிப்போம்.

முதலாவது, கொடுத்தவர் பெயரும் தொகையும் இனி இங்கே வாசிக்கப்படமாட்டா. காணிக்கை உறையிலிட்டுப் பெட்டியில் விழட்டும். ஆனால் மொத்த வரவும் செலவும், உங்களில் இருவருடைய கையெழுத்தோடு, மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டப்படும். கொடுக்கிற கை மறைவிலும், செலவழிக்கிற கை வெளிச்சத்திலும் இருக்கவேண்டும்.

இரண்டாவது, கையில் உள்ள அளவே கட்டுவோம். முதலில் கூரை, பிறகு பிள்ளைகளுக்கு ஓர் அறை. கோபுரம் காத்திருக்கலாம். கடன் வாங்கிக் கோபுரம் எழுப்பினால், வட்டி கட்டவேண்டியவர் யார்? பெரிய தொகை கொடுத்தவரல்ல. ஞாயிறுதோறும் பத்து ரூபாய் போடுகிற ஏழையே.

மூன்றாவதே முக்கியமானது. நான் ஒருவன், கவனிக்கவேண்டிய கிளைக் கோயில்களோ இன்னும் இரண்டு. ஆகையால் ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் முன்வாருங்கள். புதிதாக வாடகைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பத்தின் கதவை முதல் வாரமே தட்டுங்கள். இரவு ஷிப்டு முடித்து ஞாயிறு காலை தூங்குகிறவரைக் குறைசொல்லாதீர்கள். மாலையில் அவர் வீட்டில் ஜெபமாலை சொல்லுங்கள். யார் வீட்டில் நோயென்று எனக்குச் சொல்லியனுப்புங்கள். இரண்டு ஞாயிறு ஒருவர் வராவிட்டால், என்னைப்போல் ஆறு வாரம் காத்திராதீர்கள். படித்த வாலிபரும் பெண்பிள்ளைகளும் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தாருங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை. ஆனால் பெருந்தொகையைவிடக் கொடுப்பதற்குக் கடினமானவை இவையே.

அந்தச் சகோதரி திரும்பி வந்துவிட்டார். இன்று நம்மோடு இருக்கிறார். எந்த வரிசையில் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும். அவரும், அவரைப்போன்றவர்களும் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய கோயிலை முதலில் கட்டுவோம். அதற்குமேல் சேசுநாதர் எந்தக் கூரையைத் தந்தாலும் அது நமக்குப் போதும்.

அர்ச். தோமையாரும், அர்ச். சவேரியாரும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்