மரபணுவின் பேரில் ஒரு தீண்டாமை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்த ஊரில் சம்பந்தம் பேசினாலும், ஜாதகத்துக்கு அடுத்தபடியாக ஒரு விசாரணை நடக்கும்: "குடும்பத்துல பெரிய வியாதி ஏதாச்சும் உண்டா?" சிறுவயதில் புற்றுநோய் வந்து குணமான பெண் என்று தெரிந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். "கரண்ட் வெச்ச உடம்பாச்சே, பிள்ளை எப்படிப் பிறக்குமோ?"

கரண்ட் என்று சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. கேள்வி தவறல்ல. எக்ஸ் கதிர் பட்ட பழ ஈக்களின் சந்ததியில் மரபணு மாற்றங்கள் வருவதை 1927-இல் ஹெர்மன் முல்லர் காட்டினார். மனிதருக்கும் அப்படி நேருமா? ஆராய்ந்தார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கவனித்தும் பரம்பரைப் பாதிப்புக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பெற்ற 4,699 பிள்ளைகளைப் பற்றிய வட அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பிறவிக் குறை 2.7 சதவீதம்; ஊர் உலகத்தில் எல்லோருக்கும் இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவே.

சிகிச்சையால் கருத்தரிப்பது கடினமாகலாம். அடிவயிற்றில் கதிர் பட்ட பெண்ணுக்குக் குறைப்பிரசவம் நேரலாம். இவை அவள் உடலுக்கு மருத்துவம் கேட்பவை. பரம்பரைக் கறை அல்ல. விழித்திரைப் புற்று போன்ற சிலவற்றில் நோய்க்குக் காரணமான மரபணு பிள்ளைக்குப் போகக்கூடும். அது சிகிச்சை செய்த வினையல்ல, பரிசோதித்து அறியலாம்.

இப்படி அஞ்சுகிற நாம் தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோமா? தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. அத்தை, மாமன் மக்கள் மணந்தாலே பிறவிக் குறைக்கான வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்றதும் மரபணுக் கவலை மறந்துபோகிறது. இருக்கிற ஆபத்துக்குப் பந்தல் போடுகிறோம். நிரூபணமாகாத ஆபத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்வை மறுக்கிறோம்.

1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவர் சாந்தா தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். புற்றுநோய் என்றால் சாவு என்று நம்பிய சமூகத்தோடும் அவர்கள் போராடினார்கள். அப்படிப்பட்ட உழைப்பில் பிழைத்து வருகிற பிள்ளைகளைக் கல்யாணச் சந்தையில் கழித்துக் கட்டுவது அறமா?

பெற்றோரே, சந்தேகம் இருந்தால் அந்தப் பெண்ணின், அந்தப் பையனின் ஒப்புதலோடு சிகிச்சைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், சோதிடரிடம் அல்ல. அவர் விளக்கிய பிறகும் மறுப்பீர்களானால், அது உங்கள் மனத்தின் தீண்டாமை. அதற்கு அறிவியலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.