ஆட்டத்தின் கூலி

2023-ல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓடித் தங்கம் வென்றார் நம் சிங்கப்பூர்ப் பெண்மணி சாந்தி பெரேரா. அதற்கு நம் தேசிய ஒலிம்பிக் மன்றம் விதித்திருந்த பரிசு 2 லட்சம் வெள்ளி. ஆண் வென்றிருந்தாலும் அதே தொகைதான்.

இந்தியாவிலோ கணக்கு இரண்டு விதம். 2022 அக்டோபரில் அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியம், டெஸ்ட் ஆட்டமொன்றுக்கு ஆண்களுக்குள்ள 15 லட்ச ரூபாயே பெண்களுக்கும் என்று அறிவித்தது. மெச்சத்தக்கதே. ஆனால் வருஷ ஒப்பந்தத்தில் அப்போது ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி. பெண்களுக்கு 50 லட்சம்!

"கல்லாவில் விழுவதற்குத் தக்கபடிதானே கொடுக்க முடியும்?" என்பார் நம் வியாபாரிகளில் பலர். நியாயமான கேள்விதான். வரவை மறந்து சம்பளம் பேசினால் கடை நிலைக்காது. ஆயினும் அந்த வரவு குறைந்தது யாரால் என்றும் கேட்க வேண்டுமன்றோ?

1920-ல் லிவர்பூலில் பெண்கள் ஆடிய கால்பந்தாட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் திரண்டனர். மறு வருஷமே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன்னைச் சேர்ந்த கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்துவிட்டது. மீண்டும் திறக்கச் சுமார் 50 வருஷம் பிடித்தது. சிராங்கூன் ரோட்டில் நன்றாய் ஓடிய கடையை மூடவைத்து, பங்காளியைப் பின்சந்துக்கு அனுப்பிவிட்டு, "உனக்கு வியாபாரம் போதாது, ஆகவே பங்கும் போதாது" என்றால் நம்மவர் எவரேனும் ஒப்புவாரா?

ஒப்பந்தத் தொகையை இன்றே சமமாக்க வேண்டுமென்று நான் வாதிக்கவில்லை. பெண்கள் ஆட்டத்துக்கு இதுவரை எவ்வளவு முதல் போடப்பட்டது என்ற ஏட்டையும் வரவு ஏட்டோடு எடுத்துவைக்கட்டும். பிறகு பங்கு பேசலாம்.